தலைக்கு மேல் ஒரு கம்பி

பாய்மரப் படகு வைத்திருக்கிறேன் என்று சொன்னதும் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "கடலில் கவிழ்ந்தால் என்ன செய்வீர்கள்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் சின்னப் படகு கவிழ்வது சாதாரண விஷயம். அதை நிமிர்த்தப் பழகுவது பயிற்சியிலேயே ஒரு பாடம். எனக்குப் பயம் அதிகம் வரும் இடம் கடல் இல்லை. படகை இறக்குவதற்கு முன் நாம் நிற்கும் கார் நிறுத்துமிடம்.

ஸ்ரீ கெம்பாங்கானில் நமக்கு மைன்ஸ் ஏரி இருக்கிறது. ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய பெரும்பள்ளம் அது. கடல்காற்றில் பாய் விரிக்க வேண்டுமென்றால் படகை டிரெய்லரில் ஏற்றி, பிளஸ் நெடுஞ்சாலையில் தெற்கே போய், சிரம்பான் வழியாகப் போர்ட்டிக்சனை அடைய வேண்டும். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து வைத்திருப்பது ஹோபி 16 என்ற இரட்டை உடல் படகு. நீளம் 5 மீட்டர், எடை சுமார் 145 கிலோ. சாதாரணக் காரே இழுத்துவிடும். ஆனால் அதன் அலுமினியப் பாய்மரம் 8 மீட்டர் உயரம். டிரெய்லர் மேலேயே நிமிர்த்தினால் இன்னும் ஒரு மீட்டர் கூடும். ஏறக்குறைய மூன்று மாடி உயரம்.

அந்த உயரத்தில்தான் மின்கம்பிகள் ஓடுகின்றன. அமெரிக்காவில் இத்தகைய படகுகளின் பாய்மரம் மின்கம்பியில் பட்டு உயிர்கள் போயிருக்கின்றன. அதன் பிறகுதான், 1980களில், ஹோபி நிறுவனம் பாய்மரத்தின் மேல்பகுதியை மின்சாரம் கடத்தாத ஃபைபர்கிளாஸில் செய்யத் தொடங்கியது. அதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை. கீழ்ப்பகுதி இன்னும் அலுமினியம். அதைத் தாங்கி நிற்கும் கம்பிகள் எஃகு. முழுவதும் அலுமினியமான பாய்மரங்களும் இன்றுவரை புழக்கத்தில் உள்ளன.

ஆகவே எங்கள் குழுவில் ஒரு விதி. பாய்மரத்தைத் தொடுவதற்கு முன் நால்வரும் நின்று மேலே பார்க்க வேண்டும். நிமிர்த்தும் இடத்தை மட்டும் பார்த்தால் போதாது. அங்கிருந்து தண்ணீர்வரை படகைத் தள்ளிச் செல்லும் பாதை முழுவதையும் பார்க்க வேண்டும். கம்பி இருந்தால் வேறு இடம். "கொஞ்சம் சாய்த்துக் கொண்டுபோகலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. யாருடைய பாய்மரமாவது கம்பியில் பட்டுவிட்டால், ஓடிப்போய்ப் படகைப் பிடிக்காதீர்கள். தள்ளி நின்று, மற்றவர்களையும் தள்ளி நிறுத்தி, 999-ஐ அழையுங்கள்.

மேலே பார்த்தாயிற்றா? இனிக் கட்டுமானம். பாய்மரத்தின் அடியை அதன் குழியில் பொருத்தி, இரு பக்கக் கம்பிகளையும் முதலிலேயே மாட்டிவிட வேண்டும். ஒருவர் பின்னாலிருந்து தூக்க, இன்னொருவர் முன்கம்பியைப் பிடித்து இழுக்க, பாய்மரம் நிமிரும். முன்கம்பியில் பின் செருகி, அது கழன்று விழாதபடி சின்ன வளையத்தை மாட்டும்வரை தூக்கியவர் கையை எடுக்கக் கூடாது. விரல் நகம் அளவுள்ள அந்த வளையம் இல்லாமல் பின் நழுவினால், மரமே தலையில் விழும். ஒவ்வொரு வளையத்தையும் ஒருவர் மாட்ட, மற்றொருவர் தொட்டுப் பார்க்கிறோம்.

பிறகு சுக்கான்கள். அதன்பின் படகின் மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்ப வேண்டும். பக்கவாட்டில் நிற்கும் படகில் பாயை ஏற்றினால், கரையிலேயே காற்று அதைப் பிடித்துத் தள்ளிவிடும். முதலில் சிறிய முன்பாய். அதன் கயிற்றை இழுக்கும்போதே பாய்மரக் கம்பிகளும் இறுகும். அடுத்து பெரும்பாய். ஏற்றும்போது அதைக் கட்டுப்படுத்தும் கயிறு தளர்ந்தே இருக்கட்டும்.

கடைசியாக, இரண்டு உடல்களின் பின்பக்கத்திலும் உள்ள வடிகால் துளைகளின் தக்கைகள். ஐந்து வெள்ளிகூட பெறாத சாமான் என்று தோன்றும். அது இல்லாமல் கிளம்பினால் உடலுக்குள் தண்ணீர் மெல்ல ஏறும். கரையிலிருந்து வெகுதூரம் போன பிறகுதான் படகு கனப்பது தெரியும்.

மேற்குக் கரையில் ஏற்ற இறக்க நேரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். காலையில் தண்ணீர் இருந்த இடத்தில் மதியம் சேறு இருக்கலாம். இன்னொன்று, மலாக்கா நீரிணையில் வீசும் 'சுமத்ரா' புயற்காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் விடியலுக்கு முன்பிருந்து முற்பகல்வரை திடீரென்று வரக்கூடியது. வானிலைத் துறையின் மைசுவாச்சா செயலியை வீட்டிலேயே பார்த்துவிடுகிறோம். இடிச்சத்தம் கேட்டால், பாய்மரம் கடல்பரப்பில் நிற்கும் இடிதாங்கிதான். உடனே கரை. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் பொறுமை.

இவ்வளவும் வேண்டுமா என்று சலித்துக்கொள்பவர்களுக்கு நான் நம் கட்டுமரத்தை நினைவூட்டுவேன். 'கேட்டமரான்' என்று உலகம் சொல்லும் பெயரே நம் சொல்லிலிருந்து போனது. தமிழ்நாட்டுக் கரையில் மீனவர்கள் கடலிலிருந்து திரும்பியதும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் காயவைப்பார்கள். அடுத்த முறை போகும்போது மறுபடியும் கட்டுவார்கள். நேற்று கட்டியது இன்றைக்குச் செல்லாது. டிரெய்லரில் போய்வரும் படகும் அப்படித்தான். ஒவ்வொரு முறையும் முதல் முடிச்சிலிருந்து தொடங்க வேண்டும்.

பிள்ளைகளைச் சேர்க்கலாமா என்று கேட்கும் பெற்றோருக்கு: தாராளமாக. அவர்கள் தொடங்குவது ஆப்டிமிஸ்ட் என்ற 2.3 மீட்டர், 35 கிலோ படகில். பாய்மரமும் ஏறக்குறைய அதே நீளம்தான். சென்னையின் நேத்ரா குமணன், ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டிய முதல் இந்தியப் பெண்ணாக 2021-இல் தோக்கியோவில் போட்டியிட்டார். நம் நாட்டின் கைருல்நிசாமும் நூர் ஷஸ்ரினும் அங்கே போட்டியிட்டார்கள்.

பயிற்சிக்கு அனுப்பும் முன் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். பிள்ளை தன் படகைத் தானே கட்டப் பழக்குவார்களா? துணைக்கு விசைப்படகு தண்ணீரில் நிற்குமா? லைஃப் ஜாக்கெட்டை மாட்டியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது உங்கள் பிள்ளையின் அளவு அல்ல. சின்னதாக ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்பதைக் கரையில் இருக்கும் ஒருவரிடம் சொல்லிவைக்கவும் மறக்காதீர்கள்.