காணச் சாறும் ஈரத் துண்டும்

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்து அருவியில் குளித்துவிட்டுச் சாரலில் நனைந்தபடி வீடு திரும்பும் பிள்ளைகளுக்குத் தென்காசிப் பக்கத்தில் சூடாகக் காணச் சாறு கொடுப்பார்கள். காணம் என்று நாங்கள் சொல்வதைத்தான் பிற மாவட்டத்தார் கொள்ளு என்கிறார்கள். "காணம் சூடு, குடித்தால் குளிர் ஓடிவிடும்" என்பது வீட்டுப் பெரியவர்களின் வாக்கு. அந்தச் சாறு எனக்கும் பிடித்தமானதுதான். ஆனால் குளிரை விரட்டிய பெருமை முழுவதையும் அதற்கே கொடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

முதலில், அது என்ன குளிர்? சாரல் காலத்தில் குற்றாலத்துக் காற்றின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். சிம்லாக்காரர் கேட்டால் சிரிப்பார். ஆனாலும் பல் கிட்டுகிறதே! காரணம் காற்றின் வெப்பநிலை மட்டும் அல்ல. உடம்பில் ஒட்டியிருக்கும் நீரும் வீசும் காற்றும் சேர்ந்து செய்யும் வேலை அது. தென்மேற்குப் பருவக் காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்காசிக்குள் புகுகிறது. காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் ஒரு நிமிடம் நின்றால் அதன் வேகம் தெரியும். இந்தக் காற்று, ஈரத்தை ஆவியாக்கி அள்ளிக்கொண்டு போகிறது. நீர் ஆவியாக வேண்டுமானால் வெப்பம் வேண்டும். அதைத்தான் உங்கள் பாடநூல் உள்ளுறை வெப்பம் என்கிறது. சாதாரண வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 ஜூல் தேவை. அதில் ஒரு பகுதி உங்கள் தோலிலிருந்து போகிறது.

தோளில் ஓர் ஈரத் துண்டு கிடக்கிறது. அதில் 250 கிராம் தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது முழுதும் உலர 600 கிலோ ஜூல் தேவை. பெரும் பங்கைக் காற்றே கொடுக்கட்டும். மூன்றில் ஒரு பங்கை உடம்பு கொடுத்தாலும் 200 கிலோ ஜூல் போயிற்று.

இப்போது சாற்றுக்கு வருவோம். ஒரு தம்ளர் என்பது 200 மில்லிலிட்டர். 60 டிகிரியில் குடிக்கிறோம். அது உடம்புக்குள் போய் 37 டிகிரிக்கு வருகிறது. நீரின் தன்வெப்பத்தை வைத்துப் பெருக்கிப் பாருங்கள். உடம்புக்குக் கிடைப்பது 19 கிலோ ஜூல்தான்! ஓய்வாக உட்கார்ந்திருக்கும் வளர்ந்த மனிதரின் உடல் நொடிக்குச் சுமார் 100 ஜூல் வெப்பத்தை வெளியே விடுகிறது. ஆகவே அந்தத் தம்ளர் தந்த சூடு மூன்று நிமிடச் செலவுக்குத்தான் காணும். ஈரத் துண்டு பறித்ததை ஈடுகட்டப் பத்துத் தம்ளர் வேண்டும். ஈரத் துணியோடு திண்ணையில் உட்கார்ந்து சாறு குடிப்பவர் ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புகிறார். துணியை மாற்றித் தலையைத் துவட்டிவிட்டுக் குடிப்பவரே கெட்டிக்காரர்.

"அப்படியானால் காணம் சூடு என்பது பொய்தானே?" என்று அவசரப்படாதீர்கள். காணத்தின் கணக்கு இனிமேல்தான் தொடங்குகிறது. 25 கிராம் காணத்தில் சுமார் 80 கிலோ கலோரி, அதாவது ஏறத்தாழ 335 கிலோ ஜூல் ஆற்றல் இருக்கிறது. ஓய்வில் இருக்கும் உடம்பின் ஏறக்குறைய ஒரு மணி நேரச் செலவு அது. மேலும் காணத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம். புரதத்தைச் செரித்துப் பயன்படுத்தும்போது அதன் ஆற்றலில் 20 முதல் 30 விழுக்காடு வரை வெப்பமாகவே வெளிப்படுகிறது. மாவுச்சத்தில் இந்தப் பங்கு குறைவு. இமயமலைச் சரிவில் குமாவுன் மக்களும் இதே தானியத்தைக் 'கஹத்' என்ற பெயரில் குளிர்காலத்தில் விரும்பி உண்கிறார்கள். குதிரைத் தீனி என்று நகரத்தார் சிலர் முகம் சுளிப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

ஆனால் ஒன்று. இந்த ஆற்றல் பெரும்பாலும் பயற்றில் இருக்கிறது. வேகவைத்த தண்ணீரில் கரைந்து வருவது கொஞ்சம். தண்ணீரை மட்டும் இறுத்துக் குடித்துவிட்டுப் பயற்றை மாட்டுத் தொட்டியில் கொட்டினால், சூட்டை மாட்டுக்குக் கொடுத்தவர்கள் ஆகிறோம். வெந்த காணத்தை நன்றாக மசித்துச் சாற்றிலேயே கலக்க வேண்டும் என்பது என் கட்சி.

மிளகின் காரம் தரும் சூடு வேறு வகை. வெப்பத்தை உணரும் நரம்பு முனைகளில் உள்ள ஒரு புரதத்தை மிளகாய், மிளகு ஆகியவற்றின் காரப் பொருள்களும் தூண்டிவிடுகின்றன. 1997-இல் இந்தப் புரதத்தைக் கண்டறிந்த குழுவை நடத்திய டேவிட் ஜூலியஸ், 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் பங்கு பெற்றார். காரம் பட்ட நாக்கு 'சூடு' என்று செய்தி அனுப்புகிறது, தெர்மாமீட்டரோ அசைவதில்லை.

இனி அடுப்பு. தோலில் வெப்பத்தைப் பறித்த அதே உள்ளுறை வெப்பம் இங்கேயும் திருடுகிறது. ஒரு லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்க 315 கிலோ ஜூல் போதும். அதே நீரை முழுதும் ஆவியாக்க 2,260 கிலோ ஜூல், ஏழு மடங்குக்கு மேல்! கொதி வந்த பிறகு தீயை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பானையில் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டாது. காணம் ஒரு நொடிகூட முன்னதாக வேகாது. கூடுதல் தீ எல்லாம் நீராவியாகக் கூரைக்குப் போகும். அரை லிட்டர் நீர் இப்படி வீணே போனால், எரிவாயு அடுப்பில் சுமார் 40 கிராம் வாயு நட்டம். பழைய விறகடுப்பில் எரியும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்குச் சற்று மேல்தான் பானையைச் சேர்கிறது. ஆகவே அங்கே அரைக் கிலோ விறகுக்கு மேல் சாம்பல். அந்த விறகைத் தலையில் சுமந்து வருபவரும், புகையில் கண் கசிய ஊதுபவரும் வீட்டுப் பெண்கள். மூடி போட்டுத் தீயைக் குறையுங்கள் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

பிரஷர் குக்கரில் அழுத்தம் இருமடங்கு ஆவதால் கொதிநிலை 120 டிகிரி வரை உயர்கிறது. வேகும் நேரம் வெகுவாகக் குறைகிறது. நல்ல கருவிதான். ஆனால் பலரும் அதில் 'ஆறு விசில், எட்டு விசில்' என்று எண்ணுகிறார்கள். ஒவ்வொரு விசிலும் வெளியே ஓடும் உள்ளுறை வெப்பம் அல்லவா? முதல் விசில் வந்ததும் தீயைத் தாழ்த்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பதே முறை.

நான்கு பேருக்கு 100 கிராம் காணம். இரவே ஊறப் போட்டுவிடுங்கள். கெட்டியான மேல்தோலைத் தாண்டி நீர் உள்ளே போக நேரம் வேண்டும். ஊறிய நீரைக் கொட்டிவிட்டால் வாயுத் தொல்லையும் குறையும். புதிதாக ஒரு லிட்டர் நீர் விட்டு வேகவைத்து, மசித்து, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுங்கள். புளிக்கரைசல் கடைசியில்தான். பயற்றின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கரைந்தால்தான் அது மிருதுவாகும். புளிப்பு அந்தக் கரைவைத் தடுத்துவிடும்.

குக்கர் இல்லாதவர்கள் வைக்கோலைப் பயன்படுத்திப் பார்க்கலாம். உலகப் போர்களின்போது எரிபொருள் பஞ்சத்தில் ஐரோப்பிய வீடுகளில் கையாண்ட முறை அது. ஊறிய காணத்தைக் கால் மணி நேரம் கொதிக்கவைத்து, மூடிய பானையை அப்படியே வைக்கோல் திணித்த கூடைக்குள் இறக்கி, மேலேயும் வைக்கோலை அழுத்தி மூடிவிட வேண்டும். வைக்கோலுக்கிடையே சிக்கிய காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அடுப்பு அணைந்த பிறகும் காணம் மெல்ல வெந்துகொண்டிருக்கும். நேரம் கூடுதலாகும், குடிக்கும் முன் மறுபடியும் ஒரு கொதி விட வேண்டும். தெர்மாமீட்டர் ஒன்றை இரவல் வாங்கி, அரைமணிக்கு ஒருமுறை பானையின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு வரைபடம் போடுங்கள். வெறுமனே மூடிவைத்த மற்றொரு பானையின் கோட்டையும் அதே தாளில் வரையுங்கள்.