பட்டாணித் தோலும் பாலாடைக்கட்டியின் ஓரமும்

சென்ற மாதம் நமக்கு வந்த மடல்களுள் ஒன்று நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. எழுதியவர் ஒரு தாய். அவருடைய மகன் உதவித்தொகை பெற்று இத்தாலி நாட்டின் மிலான் நகரில் மேற்படிப்புப் படித்து வருகிறார். ஓர் அறை, ஓர் அடுப்பு, எண்ணி எண்ணிச் செலவிட வேண்டிய பணம். உடன் படிக்கும் நண்பர் மூவர் ஒருவர் பின் ஒருவராக அவரைத் தம் வீட்டிற்கு அழைத்து விருந்து அளித்துவிட்டனர். இனி இவர் முறை. "உணவு விடுதியில் நால்வருக்கு ரிசோட்டோ வாங்கித் தந்தால் ஒரு வாரச் சாப்பாட்டுப் பணம் போய்விடும் என்கிறான். அதற்காக இரவு உணவைக் குறைத்துக்கொண்டு பணம் சேர்க்கிறானோ என்று அஞ்சுகிறேன். அந்த உணவை வீட்டிலேயே குறைந்த செலவில் ஆக்க வழி உண்டா?" என்று கேட்கிறார் அந்த அன்னை.

வழி உண்டு. இன்று விடுதிகளில் விலை கூறி விற்கப்படும் ரிசோட்டோ, வட இத்தாலியக் குடும்பங்களில் அன்றாடம் ஆக்கப்படும் உணவே. போ ஆற்றின் சமவெளி நெல் விளையும் பூமி. 15ஆம் நூற்றாண்டிலேயே அங்கே நெல் பயிராயிற்று. 1839ஆம் ஆண்டில் காலேரி என்னும் மறைபரப்புக் குரு ஒருவர் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து 43 வகை விதைநெல்லைக் கொண்டுவந்தார் என்பதையும் அந்நாட்டு நெல் வரலாறு நன்றியோடு குறிக்கிறது. அவ்வயல்களில் முழங்கால் அளவு நீரில் குனிந்து நின்று களை பறித்தவர்கள் ஏழைப் பெண்கள். தம் கூலியில் ஒரு பகுதியை அவர்கள் அரிசியாகவே பெற்று வீடு திரும்பினர். எட்டு மணி நேர வேலைநாள் வேண்டும் என்று 1906இல் வெர்செல்லி வட்டாரத்தில் போராடியவர்களும் அவர்களே. அத்தகைய வீடுகளில் அரிசியைச் சுவையாக்கியது பணமன்று. எதையும் எறியாத கையும், அடுப்பைவிட்டு அகலாத பொறுமையுமே. மிலான் நகர மாணவருக்கும் அவ்விரண்டுமே போதுமானவை.

முதலில் அரிசி. தாயகத்து நினைவில் பாசுமதி வாங்கிவிடக் கூடாது. அதன் பருக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும்; ரிசோட்டோவுக்கோ பருக்கையின் மாவுச்சத்து சாற்றில் கலந்து பால்போல் குழைந்து வரவேண்டும். தடித்த மணியுடைய கார்னரோலி, ஆர்போரியோ ஆகிய வகைகள் இதற்கு உகந்தவை. கார்னரோலி எளிதில் குழைந்துவிடாது என்பதால் பெரும்பாலும் விலை மிகுந்திருக்கும். ஆர்போரியோ மலிவானது, சற்றுக் கவனமாக நின்று கிளறினால் அதுவே நன்றாக அமையும். நால்வருக்கு 320 கிராம் போதும்.

இங்கே மகன் தாயிடம் கற்ற ஒன்றை மட்டும் மறக்க வேண்டும். நம் இல்லங்களில் அரிசியை இருமுறையேனும் களையாமல் உலையில் இடுவதில்லை. ரிசோட்டோ அரிசியைக் களையவே கூடாது. களைந்த நீர் வெண்மையாக இருக்கிறதே, அந்த மாவுச்சத்தே இவ்வுணவின் உயிர். அதைக் கொட்டிவிட்டுப் பின்னர் பாலேடு வாங்கி ஊற்றுவோர் இரட்டைச் செலவு செய்கின்றனர்.

அடுத்தது சாறு. வெங்காயத்தின் அடிப்பகுதி, காரட்டின் நுனி, செலரியின் வெளித்தண்டு ஆகியவற்றை எறியாமல் கழுவிச் சேர்த்து வைத்து, ஒன்றரை லிட்டர் நீரில் ஒரு மணி நேரம் மெல்லக் கொதிக்கவிட்டு வடிகட்டினால் நல்ல சாறு கிடைக்கும். பாலாடைக்கட்டி வாங்கும்போது துருவி அடைத்த பொட்டலத்தை நாடாமல் துண்டாக வாங்குவது நலம். பார்மிஜானோவைவிடக் கிரானா பதானோ என்னும் வகை பொதுவாக மலிவு. உட்பகுதியைத் துருவிய பின் எஞ்சும் கடினமான ஓரத்தை நன்கு சுரண்டித் துடைத்து அச்சாற்றில் இட்டுவிட்டால், பலரும் குப்பையில் எறியும் அத்துண்டு இறைச்சிச் சாற்றுக்கு ஈடான சுவையைத் தரும். அதில் உப்பு உண்டு. ஆகையால் உப்பைக் கடைசியில் சுவை பார்த்தே சேர்க்க வேண்டும்.

இனிச் செய்முறை. ஒரு வெங்காயத்தைப் பொடியாக அரிந்து 30 கிராம் வெண்ணெயில் நிறம் மாறாமல் வதக்குக. அரிசியை இட்டு, மணிகள் கைபொறுக்காத சூடு ஏறும்வரை இரண்டு மூன்று நிமிடம் வறுக்க. அரைக் குவளை வெள்ளைத் திராட்சை இரசம் ஊற்றி வற்றவிடுவது வழக்கம். இல்லையேல் இறுதியில் சிறிது எலுமிச்சைச் சாறு அப்புளிப்பைத் தரும். பிறகு, பக்கத்து அடுப்பில் சாற்றைக் கொதிநிலையிலேயே வைத்துக்கொண்டு அகப்பை அகப்பையாக ஊற்றிக் கிளறுக. அடுப்பு ஒன்றே எனில், சாற்றைக் கொதிக்கவைத்து மூடிக் கனத்த துணியால் சுற்றி வைத்துக்கொள்ளலாம். ஒரு முறை ஊற்றியது பெரும்பாலும் உறிஞ்சப்பட்ட பின்னரே மறு அகப்பை. கிளறும்போது மணிகள் உராய்ந்து மாவுச்சத்து வெளிப்படும். அதனால் சாறு தானே கெட்டியாகும்.

ஏறத்தாழ 16 முதல் 18 நிமிடத்தில் அரிசி வெந்துவிடும். நம் பொங்கலைப் போல மசிந்துவிடக் கூடாது. மணியின் நடுவில் பல்லுக்குச் சிறிது உறுதி தென்பட வேண்டும். அந்நிலையில் அடுப்பிலிருந்து இறக்கி, குளிர்ந்த வெண்ணெய் 30 கிராமும் துருவிய பாலாடைக்கட்டி 50 கிராமும் சேர்த்து விரைந்து கிளறி, இரண்டு நிமிடம் மூடி வைக்க வேண்டும். தட்டைச் சாய்த்தால் அலைபோல் மெல்லப் பரவுமாயின் பதம் சரி. குவியலாக நின்றுவிட்டால் ஒரு கரண்டிச் சூடான சாறு விட்டு இளக்கலாம்.

மிலான் என்றவுடன் மஞ்சள் நிற ரிசோட்டோவே நினைவுக்கு வரும். 1574இல் மிலான் பேராலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களை அமைத்த கைவினைஞரின் சீடன் ஒருவன், ஆசிரியர் மகளின் திருமண விருந்தில் சோற்றுக்குக் குங்குமப்பூ நிறம் ஊட்டினான் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், குங்குமப்பூவைத் திருமணத்திற்கு உரியதாக அது சொல்வது பொருத்தமே. இத்தாலியக் கடைகளில் அது சிறு பொட்டலங்களாகக் கிடைக்கிறது. ஒன்று நால்வருக்குப் போதும். அதற்கும் இயலாத மாதமாயின் குங்குமப்பூ இன்றி வெள்ளையாகவே பரிமாறலாம். மாந்துவா நகரில் பூசணியைச் சேர்த்து ஆக்குகின்றனர். வெர்செல்லியில் உலர்ந்த பீன்ஸ் விதைகளைச் சேர்க்கின்றனர். மலிவான காய் என்பதால் எவரும் அவற்றைத் தாழ்வாகக் கருதுவதில்லை.

நாணம் கொள்ளும் தம்பிக்கு வெனிஸ் நகரத்தை நினைவூட்ட விரும்புகிறோம். ஏப்ரல் 25, புனித மாற்கு திருநாள். அக்குடியரசின் தலைவருக்கு அன்று பரிமாறப்பட்ட உணவு அரிசியும் புதுப் பட்டாணியும் சேர்ந்தது. ரிசோட்டோவைவிடச் சற்று நெகிழ்ந்தது. அதற்கான சாற்றைப் பட்டாணியை உரித்த தோலை வேகவைத்தே எடுப்பது மரபு. ஆட்சித் தலைவர் அமர்ந்த பந்திக்கு ஏற்ற உணவு, நண்பர் மூவர் அமரும் சிற்றறைக்கு எப்படிக் குறைவாகும்?

எஞ்சியதையும் வீணாக்க வேண்டியதில்லை. மிலான் வீடுகளில் மீந்த ரிசோட்டோவை மறுநாள் அடைபோல் தட்டி, வெண்ணெயில் இருபுறமும் மொறுமொறுப்பாகச் சிவக்க வைக்கின்றனர். ஆனால் ஓர் எச்சரிக்கை: சமைத்த அரிசியை நெடுநேரம் வெளியில் வைத்தால் நோய்க்கிருமிகள் பெருகும், மறுபடி சூடாக்கினாலும் அவற்றின் நஞ்சு முற்றும் அழியாது. விரைவில் ஆறவைத்து, ஒரு மணி நேரத்திற்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மறுநாளே உண்டுவிட வேண்டும்.

அன்புள்ள அன்னையே, இன்னும் ஒன்று. ரிசோட்டோ ஆறினால் இறுகிவிடும். எனவே விருந்தினர் வந்தமர்ந்த பிறகே அரிசியை அடுப்பில் இட வேண்டும். முன்கூட்டியே ஆக்கி மூடி வைக்க இயலாது. நண்பர்கள் சுற்றி நின்று பேசிக்கொண்டிருக்க, ஒருவர் மாற்றி ஒருவர் அகப்பையைப் பிடிக்க, அந்தப் பதினெட்டு நிமிடமும் விருந்தின் ஒரு பகுதியாகிவிடும். விடுதியில் எவ்வளவு பணம் தந்தாலும் இது கிடைப்பதில்லை.

இதை மகனுக்கு எழுதுங்கள். சாற்றுக்குரிய காய்த் துண்டுகளை இன்றே சேர்க்கத் தொடங்கச் சொல்லுங்கள். விருந்துக்காக இரவு உணவை விடவேண்டியதில்லை என்பதையும் அழுத்தமாக எழுதுங்கள். 80 கிராம் அரிசியும் ஒரு வெங்காயமும் சிறிது பாலாடைக்கட்டியும் இருந்தால் இன்றிரவே தமக்கென ஒரு தட்டு ஆக்கிப் பழகிக்கொள்ளலாம். முதல் முறை குழைந்துபோனால் போகட்டும். நண்பர்கள் வந்து உண்ட பின் என்ன சொன்னார்கள் என்பதை மறவாமல் நமக்கு எழுதுங்கள், காத்திருப்போம்.