பத்மஸ்ரீ இனிஷியல் அல்ல

போன வைகாசியில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. மாப்பிள்ளை பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவருடைய பெரியப்பாவின் பெயர்தான் முதலில் கண்ணில் பட்டது. அதற்கு முன்னால் தங்க எழுத்தில் 'பத்மஸ்ரீ'.

பத்மஸ்ரீயைப் பட்டம் என்றே நம்மவர்கள் நம்புகிறார்கள். மேடையில் அதைச் சொல்ல மறந்தால் அறிவிப்பாளருக்கு வியர்த்துவிடுகிறது. பட்டமாக இருந்தால் அதை அரசு கொடுத்திருக்கவே முடியாது. ராணுவ, கல்விச் சிறப்புகளைத் தவிர எந்தப் பட்டத்தையும் அரசு வழங்கக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு. ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று வெள்ளைக்காரன் வாலாட்டியவர்களுக்கெல்லாம் வால் ஒட்டிவிட்ட கதையை அறிந்தவர்கள் எழுதிய பிரிவு அது. 'சர்' பட்டத்தைத் தூக்கிப்போட்ட சுப்பிரமணிய ஐயர் இதே சென்னையில் வாழ்ந்தவர்தான்.

1954இல் பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும் வந்தன. மொரார்ஜி அரசு 1977இல் நிறுத்தியது. 1980இல் திரும்ப வந்தன. இவை பட்டங்கள்தானே என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1995 டிசம்பரில் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள்: இவை பட்டங்கள் அல்ல, ஆகவே செல்லும், ஆனால் பெயருக்கு முன்னும் பின்னும் போடக் கூடாது, போட்டால் விருதையே இழக்க நேரிடும். முதல் பாதியை எல்லோரும் கொண்டாடினோம். இரண்டாவது பாதியை யார் படித்தார்கள்? சினிமா டைட்டில் கார்டில் பத்மஸ்ரீ போட்டதற்காக ஆந்திராவில் வழக்கே நடந்தது.

"பெருமைக்குத்தானே, போட்டால் என்ன குறைந்துவிடும்?" என்பார்கள். குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட சான்றிதழும் ஒரு பதக்கமும் செய்த வேலைக்கான நன்றி. பெயரில் ஏறியதும் அது அந்தஸ்தாகிவிடுகிறது. அந்தஸ்து என்றால் சிபாரிசுக்கு டெல்லிக்கு ஆள் போகும்.

பெயருக்குப் பின்னால் எழுதிக்கொள்ள உரிமை உள்ளவர்கள் வீர விருது பெற்ற ராணுவத்தினர். 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் உயிர்விட்ட மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்குப் பரம்வீர் சக்ரா கிடைத்தது. எழுதிக்கொள்ள அவர்தான் இல்லை.

கல்யாணத்துக்குப் போனேன். மண்டப வாசல் பிளெக்ஸிலும் அதே பத்மஸ்ரீ. பெரியப்பாவிடம் மெதுவாகச் சொன்னேன்.

"நான் போடச் சொல்லலீங்க. போடாட்டி சம்பந்தி வீட்டுல கோவிச்சுக்குவாங்களாம்."