எல்லாமே டைப்-சி தான்... ஆனா ரெண்டாவது மானிட்டர் ஏன் வரல? லேப்டாப் டாக் வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

வாரத்தில் சில நாள் ஆபீஸ், மீதி நாள் வீடு. மெப்ஸ், ஓஎம்ஆர் பக்கம் வேலை பார்க்கும் முடிச்சூர், பெருங்களத்தூர்வாசிகள் பலருக்கு இப்போ இதுதான் நடைமுறை. இரண்டு மானிட்டர், கீபோர்டு, நெட் கேபிள், சார்ஜர் என எல்லாவற்றையும் ஒரே ஒயரில் லேப்டாப்போடு இணைக்க உதவுவதுதான் டாக்கிங் ஸ்டேஷன். ₹2,000-க்கும் கிடைக்கிறது, ₹20,000-க்கும் கிடைக்கிறது. வெளியே பார்த்தால் இரண்டிலும் கிட்டத்தட்ட அதே போர்ட்கள். அப்புறம் ஏன் இந்த விலை வித்தியாசம்? உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் சிப்தான் முக்கியக் காரணம்.

எல்லாம் ஒரே போர்ட்னு சட்டமே வந்துடுச்சே?

ஐரோப்பிய யூனியனில் 2026 ஏப்ரல் 28 முதல் புதிய லேப்டாப்களுக்கும் டைப்-சி சார்ஜிங் கட்டாயம். இந்தியாவிலும் பிஐஎஸ் அமைப்பு 2023 ஜனவரியில் டைப்-சி கேபிள், கனெக்டருக்கான தர நிர்ணயத்தை வெளியிட்டது. ஆனா இவை ஒரே மாதிரி ஆக்குவது போர்ட்டின் வடிவத்தையும் சார்ஜிங்கையும்தான். அந்த ஓட்டை வழியா வீடியோ போகுமா, எத்தனை மானிட்டருக்குப் போகும் என்பதை லேப்டாப் கம்பெனிதான் முடிவு செய்கிறது. விலை குறைந்த லேப்டாப் சிலவற்றில் டைப்-சி போர்ட்டில் டேட்டா மட்டுமே போகும். அதில் சாதாரண டாக்கை மாட்டினால் பென் டிரைவ் வேலை செய்யும், மானிட்டர் கறுப்பாகவே இருக்கும்.

டாக்கில் மூன்று வகை

1. டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்: விலை குறைவானவை பெரும்பாலும் இதுதான். லேப்டாப்பின் கிராபிக்ஸ் சிப் அனுப்பும் வீடியோவை டாக் அப்படியே கடத்துகிறது. இரண்டு மானிட்டருக்குப் பிரித்துக் கொடுக்க எம்எஸ்டி என்ற வசதி வேண்டும். விண்டோஸில் அது வேலை செய்யும். மேக்புக்கில் இரண்டு மானிட்டரிலும் ஒரே காட்சிதான் தெரியும்.

2. டிஸ்ப்ளேலிங்க்: சினாப்டிக்ஸ் நிறுவனத்தின் சிப். லேப்டாப் படத்தைச் சுருக்கி சாதாரண யுஎஸ்பி டேட்டாவாக அனுப்ப, டாக்கில் இருக்கும் சிப் அதை மறுபடி படமாக மாற்றுகிறது. வீடியோ வராத போர்ட்டிலும், ஒரு மானிட்டரை மட்டுமே ஏற்கும் எம்1, எம்2 மேக்புக் ஏரிலும் கூடுதல் திரை கிடைப்பது இதனால்தான். ஆனா லேப்டாப்பில் டிரைவர் சாஃப்ட்வேர் போட வேண்டும். பிராசஸருக்கும் கொஞ்சம் சுமை. மேக்கில் ஓடிடி படம் பார்த்தால் திரை கறுப்பாகி விடுவதும் உண்டு.

3. தண்டர்போல்ட்: இன்டெலின் தொழில்நுட்பம். தண்டர்போல்ட் 4-ல் வேகம் 40 ஜிபிபிஎஸ். இரண்டு 4கே மானிட்டர் தாங்கும். விலை அதிகம், லேப்டாப்பிலும் அதே போர்ட் இருந்தால்தான் முழுப் பலன்.

ஆபீஸ் லேப்டாப்பா? இதைக் கவனிங்க

பல கம்பெனி லேப்டாப்களில் நாமாக எந்த சாஃப்ட்வேரும் போட முடியாது. காசு கொடுத்து டிஸ்ப்ளேலிங்க் டாக் வாங்கிவிட்டு, டிரைவர் போட அனுமதி கிடைக்கவில்லை என்றால் மானிட்டர் வராது. எனவே, வாங்கும் முன்பே ஐடி டீமிடம் கேட்டுவிடுவது நல்லது.

'12 இன் 1'னு போட்டிருந்தா போதுமா?

போதாது. போர்ட் எத்தனை இருந்தாலும் லேப்டாப்புக்குப் போகும் பாதை ஒன்றுதான். 5 ஜிபிபிஎஸ் டாக்கில் எஸ்எஸ்டி, பென் டிரைவ், நெட் கேபிள் எல்லாம் அந்த 5-ஐத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். '4கே' என்று மட்டும் போட்டிருந்தால் 30 ஹெர்ட்ஸா, 60 ஹெர்ட்ஸா என்று பாருங்கள். 30 என்றால் மவுஸை நகர்த்தும்போதே இழுப்பது தெரியும்.

சார்ஜிங்கிலும் ஒரு கணக்கு இருக்கு. நீங்கள் மாட்டும் சார்ஜரில் ஒரு பகுதியை டாக் தனக்கே எடுத்துக்கொள்ளும். 65 வாட் கேட்கும் லேப்டாப்புக்கு 65 வாட் சார்ஜரை டாக் வழியா கொடுத்தால், வேலை அதிகமாகும்போது பேட்டரி இறங்கலாம்.

வாங்கும் முன் என்ன செய்யணும்?

* டைப்-சி போர்ட் பக்கத்தில் குறியீடு இருக்கா பாருங்க. மின்னல் அம்புக்குறி என்றால் பொதுவாக தண்டர்போல்ட். 'டி', 'பி' எழுத்துகள் பின்னிய சின்னம் என்றால் வீடியோ வரும். எதுவும் இல்லையென்றால் மாடல் நம்பரைப் போட்டு நிறுவனத்தின் தளத்தில் சரிபாருங்க.
* டாக்கின் விவரத்தில் 'எம்எஸ்டி'யா, 'டிஸ்ப்ளேலிங்க்'கா என்று தேடுங்க. இரண்டுமே இல்லாமல் 'டூயல் எச்டிஎம்ஐ' என்று மட்டும் இருந்தால், விற்பவரிடம் கேட்காமல் வாங்காதீங்க.
* ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்குவதாக இருந்தால் லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோய், இரண்டு மானிட்டரில் மாட்டிக் காட்டச் சொல்லுங்க. ஆன்லைன் என்றால் திருப்பிக் கொடுக்கும் வசதி இருக்கா, எத்தனை நாளைக்குள் என்று பார்த்துட்டு ஆர்டர் போடுங்க.

ஒரு மானிட்டர் மட்டும்தான், லேப்டாப் போர்ட்டிலும் வீடியோ வருகிறது என்றால் பலருக்கு ₹2,000 டாக்கே போதும். முதலில் பார்க்க வேண்டியது டாக்கின் விலையை அல்ல, உங்க லேப்டாப்பின் போர்ட்டை.