கேட்காமல் அனுப்பாதீர்கள்

பெற்றோர்களே, உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதை மூடி மறைத்துக்கொண்டு பேச எனக்கு விருப்பமில்லை.

பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி என்ன விலை போனது என்பது விடிவதற்குள் நம் எல்லாருடைய போனுக்கும் வந்துவிடுகிறது. பட்டுக்கூடு கிலோ என்ன விலை, ஓசூர் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களா, எந்தக் கோச்சிங் சென்டரில் ஃபீஸ் குறைவு என்று எல்லாவற்றையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். நல்லதுதான். ஆனால் “என் மகள் நேற்று ஒரு கதை கேட்டாள், உங்கள் வீட்டிலும் போட்டுக் கேளுங்கள்” என்று நம்மில் யாராவது சொல்லியிருக்கிறோமா? பிள்ளையின் காதில் நாள் முழுக்க என்ன விழுகிறது என்று நமக்கே தெரியாது. தெரியாததை எப்படிச் சொல்லிக்கொள்வது?

சொல்லாமல் இருப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கேட்காமலே அனுப்புகிறோமே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. பரீட்சை நெருங்கினால் போதும், பத்தாம் வகுப்புப் பிள்ளையின் போனுக்கு ஒரு மணி நேர மோட்டிவேஷன் பேச்சைத் தள்ளிவிடுகிறீர்கள். தலைப்பைப் பார்த்திருப்பீர்கள், பேசுகிறவரின் படத்தைப் பார்த்திருப்பீர்கள், அத்தோடு சரி. “அனுப்பினேனே, கேட்டியா?” என்று இரவில் அதட்டும்போது, “நீங்க கேட்டீங்களாப்பா?” என்று பிள்ளை திருப்பிக் கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்? பெரும்பாலான பிள்ளைகள் அப்படிக் கேட்பதில்லை. அந்த வயதிலேயே நம் மேல் அவ்வளவு இரக்கம் அவர்களுக்கு.

கேட்காமல் அனுப்புவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம் தருமபுரிக்குப் பக்கத்து மாவட்டத்திலேயே பார்த்தோம். 2018 மே மாதம் பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊருக்குள் வந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகளும் வீடியோக்களும் பரவின. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்னையிலிருந்து உறவினர்களோடு காரில் வந்த, அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மாவை ஊர் கூடி அடித்தே கொன்றது. வழியில் பார்த்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததுதான் அவர் செய்தது. அந்தப் பதிவுகளை அனுப்பியவர்களில் பெரும்பாலோர் கெட்டவர்கள் அல்ல, நம்மைப் போலப் பிள்ளை பெற்றவர்கள். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் அனுப்பினார்கள். அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் வந்த செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி ஒரு கட்டுப்பாட்டை அறிவித்தது. விரலுக்குத்தான் அந்தக் கட்டுப்பாடு. அனுப்புவதற்கு முன்னால் முழுதாகக் கேட்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

“அதுவும் இதுவும் ஒன்றா? நான் அனுப்பியது நல்ல பேச்சுதானே” என்பீர்கள். நல்லதா கெட்டதா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள்தான் கேட்கவே இல்லையே.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் கடைசியில் நின்ற மாவட்டம் நம்முடையது. மாநிலம் 80 சதவீதத்தைத் தாண்டியபோது தருமபுரி 68.54-ல் இருந்தது. அன்று எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று பதிவான பல பெண்கள் இன்று பள்ளிப் பிள்ளைகளுக்குத் தாய், பாட்டி. “எனக்கே நாலு எழுத்து தெரியாது, நான் எங்கே பிள்ளைக்குச் சொல்லித் தருவது” என்று ஹோம்வொர்க் நோட்டின் முன்னால் கூசிப்போய் ஒதுங்குகிற அம்மாக்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அக்கா, காதால் கேட்பதற்கு எழுத்து எதற்கு? ஒரு கதை ஓடும்போது எட்டாம் வகுப்பு மகளும் பள்ளிக்கூடம் போகாத தாயும் சமமாக உட்காரலாம். கதை முடிந்ததும் “அவன் செய்தது சரியா?” என்று கேட்க எந்தப் படிப்பும் வேண்டாம். பல நேரம் தாய் சொல்லும் தீர்ப்புத்தான் ஆழமாக இருக்கும், ஏனென்றால் வாழ்ந்து பார்த்தவள் அவள். இப்படி ஒரு வாசல் திறந்திருக்க, உள்ளே போகாமல் ஆளுக்கொரு போனோடு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருக்கிறோம்.

இந்த மண்ணுக்குக் கேட்பது ஒன்றும் புதிதல்ல. திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி முழுக்கக் கூத்து, கடைசியில் படுகளம். நாள்தோறும் விட்ட இடத்தில் தொடங்கும் ஒரே கதையை ஊரே உட்கார்ந்து கேட்டது. மறுநாள் களை எடுக்கும் இடத்திலும் கர்ணன் செய்தது நியாயமா இல்லையா என்றுதான் பேச்சு. அந்தப் பேச்சில்தான் பிள்ளைகள் நியாயம் கற்றார்கள். இன்று பாட்காஸ்ட் என்று சொல்கிறார்களே, பகுதி பகுதியாகத் தொடர்ந்து வரும் ஒலிநிகழ்ச்சி, அதில் அந்தப் பிரசங்கத்தின் பாதி இருக்கிறது. மறு பாதி, சேர்ந்து கேட்பதும் கேட்டதைப் பேசுவதும். அதை எந்தக் கம்பெனியும் நமக்குச் செய்து தராது.

நேரமில்லை என்ற பதிலையும் நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். புளிக் காலத்தில் வாசலில் கூட்டமாக உட்கார்ந்து கொட்டை எடுக்கிறோம். அப்போது கைக்குத்தான் வேலை, காது சும்மாதான் இருக்கிறது. பட்டுப்புழுவுக்குத் தழை போடும்போதும் அப்படியே, அரூரிலிருந்து தருமபுரிக்குப் பஸ்ஸில் வரும் நேரமும் அப்படியே. அந்த நேரங்களில் எல்லாம் இப்போது என்ன ஓடுகிறது? ஒரு நிமிடத்துக்கு ஒன்றாகத் தாவும் வீடியோக்களின் சத்தம். அதுவும் போக, சாப்பாடு இறங்க வேண்டும் என்று இரண்டு வயதுக் குழந்தையின் முன்னால் போனை நிறுத்தி வைக்கிறீர்கள். களி உருண்டையின் சூடு தெரியாமல், ருசி தெரியாமல் அது விழுங்குகிறது.

எதைக் கேட்பது என்று கேட்கிறீர்களா? நான் கேட்டதைச் சொல்கிறேன். தென்கச்சி கோ. சுவாமிநாதனின் ‘இன்று ஒரு தகவல்’ நம்மில் பலருக்குக் காலை வானொலியில் கேட்டுப் பழகியது. வேளாண்மை படித்துவிட்டு வானொலியில் பண்ணை நிகழ்ச்சிக்கு வந்த மனிதர் அவர், விவசாயி வீட்டுப் பேச்சு அவருக்குத் தெரியும். 2009-ல் மறைந்தார், ஆனால் குரல் இணையத்தில் கிடைக்கிறது. ஒவ்வொன்றும் சில நிமிடம்தான், கடைசியில் ஒரு சிரிப்பு இருக்கும். பள்ளிக்குப் பிள்ளை கிளம்பும் நேரத்துக்கு அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குத் தீபிகா அருண் நடத்தும் ‘கதை ஓசை’. கல்கியின் பொன்னியின் செல்வனை அவர் குரலில் கேட்கலாம். ஐந்து பாகப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலே மலைக்கிற பிள்ளை, காதால் கேட்கும்போது வந்தியத்தேவனோடு குதிரை ஏறிவிடும். பிறகு புத்தகத்தைத் தேடி அதுவே நூலகத்துக்குப் போகும். போகாவிட்டாலும் பரவாயில்லை, கேட்டது கேட்டதுதான். கேட்பது வாசிப்புக்குக் கீழே என்று நினைக்கும் ஆசிரியர்களோடு எனக்குச் சண்டை உண்டு. எழுத்து வராத மாவட்டத்தில்தான் கூத்து செழித்தது.

திருவண்ணாமலையின் பவா செல்லத்துரை கதை சொல்வதைக் கேட்டிருக்கிறீர்களா? எழுத்தாளர்கள் எழுதிய கதைகளைத் தன் வாயால், திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோலச் சொல்லுவார். அவற்றில் பல பெரியவர்களுக்கான கதைகள். முதலில் நீங்கள் கேளுங்கள், உங்கள் பிள்ளையின் வயதுக்கு ஆகுமா என்று பாருங்கள், பிறகு கொடுங்கள். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இந்த ஒன்றைத்தான். பேய்க்கதை, கொலைக்கதை என்று பயமுறுத்தியே ஆள் சேர்க்கும் ஒலித்தொடர்கள் தமிழில் நிறைய வந்துவிட்டன. போர்வைக்குள் இயர்போனோடு அதைக் கேட்டுவிட்டு விளக்கை அணைக்க விடாமல் அழும் பிள்ளையை, “ஏன் இப்படிப் பயப்படுறே” என்று திட்டுகிறோம். அந்தப் பயத்தை அதன் காதில் போட்டது யார் என்று ஒருநாளாவது விசாரித்தோமா?

இணையமே வேண்டாம் என்றால் நம் ஊர் வானொலி இருக்கிறது, தருமபுரி பண்பலை 102.5. டேட்டா செலவில்லை. அதில் எது பிள்ளைகளுக்குப் பிடித்தது, எந்த நேரத்தில் வந்தது என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்லுங்கள். பரிந்துரை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. “நான் கேட்டேன், என் பையன் இந்த இடத்தில் சிரித்தான், இந்த இடத்தில் கேள்வி கேட்டான்” என்று சொன்னால் அதுவே போதும். வெறும் லிங்க்கை அனுப்பிவிட்டுக் கும்பிடு போடும் படத்தை ஒட்டுவது எனக்குப் பரிந்துரையாகத் தெரியவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதில் எனக்குக் கோபத்தைவிட வருத்தம் அதிகம். நம் மாவட்டத்தில் ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுகிற வீடுகள் உண்டு. ஒரு வீட்டில் ஆயா, அடுத்த வீட்டில் அவ்வா, அதற்கடுத்த வீட்டில் அஜ்ஜி. அவர்களிடம் இருக்கும் கதைகள் எந்த ஆப்பிலும் இல்லை. காவிரி ஒகேனக்கல்லில் விழுகிற இடத்தைப் பற்றி, சித்தேரி மலைப் பாதையைப் பற்றி, பஞ்ச காலத்தில் எதைத் தின்று பிழைத்தோம் என்பதைப் பற்றி அவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய ஒரு சாதாரண போன் போதும், எல்லார் கையிலும் இருக்கிறது. ஆனால் ஆயா பேச ஆரம்பித்தால் நாமே “சும்மா இரு, பிள்ளை படிக்கிறான்” என்று வாயை அடைக்கிறோம். அதியமான் கோட்டையை எத்தனை முறை பஸ்ஸில் கடந்திருப்போம்? அதியமான் நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்த கதையை அந்த வழியில் ஒருமுறையாவது பிள்ளைக்குச் சொன்னோமா? பாடப் புத்தகம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டோம்.

பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்டு, பிள்ளையைத் தாத்தா பாட்டியிடம் விட்டிருக்கும் பெற்றோருக்கும் சொல்கிறேன். உங்கள் கஷ்டம் தெரியும், கட்டட வேலை முடிந்து வந்து உட்காரும்போது உடம்பு கேட்காது. இருந்தாலும் “சாப்பிட்டியா, படிச்சியா” என்பதோடு போனை வைத்துவிடாதீர்கள். ஐந்து நிமிடம் உங்கள் குரலில் ஒரு கதையைப் பதிந்து அனுப்புங்கள். இன்று சைட்டில் நடந்ததையே கதையாகச் சொல்லுங்கள். பிள்ளை அதைப் பத்து முறை போட்டுக் கேட்கும். உலகத்தில் எவ்வளவு சிறந்த பாட்காஸ்ட் இருந்தாலும் அதில் அதன் அப்பா குரல் இல்லை.

காதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இயர்போனில் பாதுகாப்பாகக் கேட்க உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரம் என்றும், குழந்தைகளுக்கு 75 டெசிபல் அளவில் அதே 40 மணி நேரம் என்றும் வரம்பு வைத்திருக்கிறது. சத்தம் மூன்று டெசிபல் கூடினால் கேட்கக்கூடிய நேரம் பாதியாகிவிடும். பஸ் இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டும் என்று பிள்ளை சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது. உள்காதில் செத்துப்போன கேட்பு உணர்வுச் செல்கள் திரும்ப முளைப்பதில்லை. ஒலியளவு 60 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருந்தால் இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்பீக்கரில் போடுங்கள். எல்லாரும் கேட்கட்டும். எதைக் கேட்கிறோம் என்பதை மறைக்க வேண்டிய தேவையும் அப்போது இருக்காது.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் பிள்ளையோடு உட்கார்ந்து கடைசிவரை கேட்ட ஒரே ஒரு கதையின் பெயரோடு வாருங்கள். கேட்காதவர்கள் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள், அடுத்த மாதம் கேட்டுவிட்டு வரலாம். மலை ஊர்களில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வருகிறது, மாதக் கடைசியில் ரீசார்ஜ் செய்ய முடியாத வீடுகளும் நம்மிடம் உண்டு. இலவசமாகக் கிடைக்கும் ஒலிக்கதைகளை அவர்கள் போனில் முன்கூட்டியே டவுன்லோடு செய்து கொடுக்க, வைஃபை இருக்கும் வீடுகளில் யார் முன்வருகிறீர்கள் என்பதையும் அன்றைக்கே பேசி முடித்துவிடுவோம்.