ரெண்டாவது அடுப்பு

சோமனூரில் என் பெரியம்மா வீட்டுப் புழக்கடையில் ஒரு விறகு அடுப்பு இருக்கிறது. 2024 கடைசியில் ஒருநாள் காலையில் ஓர் அலுவலர் வந்து, குனிந்து, அதற்குள் கையை விட்டுப் பார்த்தார்.

“சாம்பலே இல்லையேம்மா?”

“நேத்துத்தானுங் சார் வழிச்சேன்” என்றார் பெரியம்மா. பொய்தான். அந்த அடுப்பு பத்த வைத்துப் பல மாதம் ஆகியிருந்தது.

விஷயம் இதுதான். அண்ணன் தனி ரேஷன் கார்டு கேட்டு எழுதிப் போட்டிருந்தார். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை ஒரு கார்டுக்கு ஒரு பெண்ணுக்குத்தான். பெரியம்மாவுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. தனிக் கார்டு கிடைத்தால் அண்ணியும் அதற்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் தனிக் கார்டுக்குத் தனிச் சமையல் இருக்க வேண்டும். பெரியப்பாவும் அண்ணனும் கூலிக்குத் தறி ஓட்டுகிறார்கள். லைன் வீடு, ரெண்டு ரூம், ஒரு சிலிண்டர். சிலிண்டர் விற்கிற விலையில் எவன் ரெண்டு உலை வைப்பான்? விண்ணப்பம் தள்ளுபடி ஆனது. அந்த அலுவலரை நான் குறை சொல்ல மாட்டேன், மரியாதையாகத்தான் பேசினார், தண்ணி வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனார். வீதிதான் பேசியது. “ஆயரம் ரூவாய்க்காக வூட்டைப் பிரிக்கறாங்களாமா.”

நான் கோவையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். நாங்கள் தினமும் செய்வது இதேதான்: வீட்டைப் பிரிப்பது.

ஒரு கட்சிக்காரர் குடும்பத்தைச் சொல்கிறேன். பின்னலாடை ஏற்றுமதி, கொஞ்சம் தோப்பு, கொஞ்சம் வாடகை. அப்பா, அம்மா, ரெண்டு மகன்கள், மூத்த மருமகள். ஐந்து பேர், ஐந்து ஃபைல். அதோடு முடியவில்லை. அப்பாவைத் தலைவராக வைத்து ஒரு ஹெச்.யூ.எஃப்., அதாவது இந்து கூட்டுக் குடும்பம். மூத்த மகனுக்கும் கல்யாணம் ஆகிவிட்டதே, அவர் பெயரில் இன்னொன்று. ஆக ஏழு பான் கார்டு. வாடகை ஒரு ஃபைலுக்கு, வட்டி ஒரு ஃபைலுக்கு. மருமகளுக்கு டிசைன் ஆலோசகர் என்று சம்பளம். அவர் கம்பெனிக்குள் வந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. கையெழுத்து வாங்கப் போனபோது “சாப்டுட்டுப் போ அம்மிணி” என்று உட்கார வைத்துவிட்டார்கள். அரிசிம்பருப்பு சாதம், நெய், ரசம். நல்ல ருசி. ஏழு ஃபைலுக்கும் சேர்த்து ஒரே அடுப்பில் வெந்த சாதம்.

பழைய வரி முறையில் 2.5 லட்சம் வரை வரி கிடையாது. அந்த 2.5 லட்சம் ஏழு ஃபைலுக்கும் தனித்தனியாக உண்டு. உரிமைத் தொகைக்கும் வருமான வரம்பு அதே 2.5 லட்சம்தான், ஆனால் குடும்பம் மொத்தத்துக்கும் சேர்த்து. அது மட்டுமா, வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்குள் கரண்ட், ஐந்து ஏக்கருக்குள் நஞ்சை, வாசலில் கார் நிற்கக் கூடாது. எண்ணும் ஒன்று, ஊரும் ஒன்று, அரசாங்கம் எண்ணுகிற விதம்தான் வேறு. அவர்கள் கூட்டுக் குடும்பமாக இருப்பதற்குச் சட்டம் கூடுதலாக ஒரு ஃபைல் தருகிறது. என் பெரியம்மா கூட்டுக் குடும்பமாக இருந்ததுதான் குற்றம்.

“அது சட்டப்படி, இது ஏமாத்து” என்று ஆபீஸில் சொல்வார்கள். வரித் தவிர்ப்பு வேறு, வரி ஏய்ப்பு வேறு என்று எனக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சரி. ஆனால் ஹெச்.யூ.எஃப். 1922 வருமான வரிச் சட்டத்திலேயே இருக்கிறது. சொத்து உள்ளவன் வீட்டை எப்படிப் பிரிக்கலாம் என்று நூறு வருஷம் முன்னாலேயே யோசித்து வைத்த சட்டம், லைன் வீட்டில் ரெண்டு தம்பதி ஒரு சிலிண்டரில் சமைத்தால் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. யார் வீட்டுக் கஷ்டம் சட்டமாகிறது என்பதும் ஒரு கேள்விதானே?

சட்டத்தை மீறுகிற இடத்துக்கே வருவோம். கோவையில் மனை வாங்கிய யாரையாவது கேளுங்கள். பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை. அதற்குப் பெயர் மோசடி இல்லை, ‘நடைமுறை’. வாங்குபவரும் விற்பவரும் ஊரில் பெரிய மனுஷர்கள். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பது நியாயமான விலக்கு, ஆனால் அதற்குள் எதெதுவோ ஒளிந்துகொள்கிறது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2019 அறிக்கை, சோதித்த வழக்குகளில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல் போதிய ஆவணம் இல்லாமலே அந்த விலக்கைக் கொடுத்திருக்கிறார்கள் என்றது. தோப்புக்குப் போய் எவரும் தேங்காய் எண்ணவில்லை. நூறு நாள் வேலைக்குப் போகிற பாட்டியை மட்டும், 2023 ஜனவரியிலிருந்து, தினம் ரெண்டு தடவை ஆப்பில் போட்டோ எடுக்கச் சொன்னார்கள்.

அதே 2023இன் நிதிச் சட்டம் ஜி.எஸ்.டி. குற்ற வழக்குக்கான வரம்பை ஒரு கோடியிலிருந்து 2 கோடியாக உயர்த்தியது. போலி பில் கொடுப்பதை மட்டும் விட்டுவிட்டார்கள். உரிமைத் தொகை தொடங்கியதும் அதே வருஷம், செப்டம்பர் 15. மாதம் 1,000 வீதம் ஒருத்தி ஏமாற்றினால் 2 கோடி சேர்க்க 1,666 வருஷம் ஆகும். சும்மா கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன், கை அரித்தது.

மாட்டிக்கொண்டால்கூட அவர்களுக்குத் திரும்பி வர வழி இருக்கிறது. 1997இல் ப. சிதம்பரம் நிதியமைச்சராக இருந்தபோது ஒரு திட்டம் வந்தது. மறைத்த வருமானத்தைத் தானாக வந்து சொன்னால் 30 சதவீத வரி மட்டும். வட்டி இல்லை, அபராதம் இல்லை, வழக்கு இல்லை, பெயரும் வெளியே வராது. அதற்கு முந்தைய வருஷம் உச்ச வரி விகிதம் 40 சதவீதம். ஒழுங்காகக் கட்டியவன்தான் ஏமாளி. 2016இல் இன்னொன்று வந்தது. அப்போது 45 சதவீதம். ரேஷன் கார்டில் பொய் சொன்னவர்கள் தானாக முன்வந்து சொல்ல ஒரு திட்டம் எப்போதாவது வந்திருக்கிறதா? பெயரை ரகசியமாக வைப்போம் என்று?

2019 செப்டம்பரில் கார்ப்பரேட் வரியை 30லிருந்து 22 சதவீதமாகக் குறைத்தார்கள். அதனால் வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி வருவாய் போகும் என்று அரசாங்கமே சொன்னது. அதற்குப் பெயர் ஊக்கம். தொடங்கும்போது 1.06 கோடிப் பெண்களுக்கு என்று அறிவித்த உரிமைத் தொகைக்கு வருஷம் சுமார் 13,000 கோடி. அதற்குப் பெயர் இலவசம். ஒன்று நாடு முழுமைக்கும், இன்னொன்று ஒரு மாநிலத்துக்கு, ஒப்பீடு சரியில்லை என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். நான் கேட்பது பெயரைப் பற்றி. 2022இல் பெண்களின் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தைப் பற்றிப் பேசிய தமிழக அமைச்சர் ஒருவரின் வாயிலேயே ‘ஓசி’ என்ற சொல் வந்தது. தொழிலதிபர்கள் கூட்டத்தில் எந்த அமைச்சராவது “நீங்க ஓசியில மில்லு ஓட்டறீங்க” என்று சொல்லி நான் கேட்டதில்லை.

என் சம்பளம் அந்த ஏழு ஃபைல்களிலிருந்துதான் வருகிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதினால் நானும் ஒரு பொய்க்கணக்குதான். மார்ச் மாதம் வந்தால் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து வீடுகளைப் பிரிக்கிறேன். நன்றாகப் பிரித்தால் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸோடு கவர் வரும். போன தீபாவளிக்கு வந்த பாக்ஸைப் பெரியம்மா வீட்டுக்குத்தான் கொண்டு போனேன்.

போனபோது பெரியம்மா புழக்கடையில் இருந்தார். கண்ணெல்லாம் சிவந்து, புகைக்குள் உட்கார்ந்து தொட்டி (சிரட்டை) உடைத்து அடுப்பில் போட்டுக்கொண்டிருந்தார். மேலே ஒரு குண்டாவில் வெறும் தண்ணி.

“என்னங் பெரீம்மா, குளிக்கத் தண்ணியா?”

“இல்ல அம்மிணி. மறுக்கா எழுதிப் போட்டிருக்குது. அந்த சார் எப்ப வருவாரோ தெரியல. அதான் தினம் கொஞ்ச நேரம் பத்த வெச்சுப்போடறது. சாம்பல் இருக்கோணுமல்லொ.”