இறக்குமதித் தீர்வையும் கமக்காரரும்

அந்நிய நாட்டுப் பண்டங்களைத் தடையின்றி வரவிடுதல் நன்றா, தீர்வை விதித்து உள்நாட்டு உற்பத்தியைக் காத்தல் நன்றா என்னும் வினா நூல்வல்லார்க்கு மட்டும் உரியதன்று. சந்தையில் அதன் விளைவை முதலில் அறிபவர் கமக்காரரே.

இளந்தொழிலைக் காத்தல் வேண்டுமென அமெரிக்காவில் அலெக்சாந்தர் ஹமில்டன் 1791இலும், செர்மானியரான பிரடெரிக் லிஸ்ட் 1841இலும் வற்புறுத்தினர். கட்டற்ற வணிகத்தை ஆதரித்த ஜோன் ஸ்ருவாட் மில் என்பாரும், தொழில் பழகும் வரை குறித்த தவணைக்குத் தீர்வை விதித்தல் தகுமென 1848இல் ஒப்புக்கொண்டார். லிஸ்ட் கருதியது ஆலைத்தொழிலையே. கமத்தொழிலுக்கு இக்காப்பு வேண்டியதில்லை என்பது அவர் முடிபு. இதில் நாம் அவரோடு உடன்படோம். புதுப்பயிரொன்றின் விதை, நோய், களஞ்சிய முறை ஆகியவற்றை ஓர் ஊர் கற்றுக்கொள்வதற்கும் பல போகங்கள் செல்லும்.

1970 முதல் 1977 வரை செத்தல் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் தோட்டங்களிலே கிணற்றுநீர் இறைத்து இவற்றைப் பயிரிட்டோர் நல்ல வருவாய் கண்டனர். ஆயின் அவ்வேலி பயிரை வளர்க்கும் நோக்கத்தால் மட்டும் இடப்பட்டதன்று. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடே பெருங்காரணம். ஆதலால் 1977இன் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபோது, பயிர் போட்டியைத் தாங்குமா என்பது அளவுகோலாகக் கொள்ளப்படவில்லை. விலை சரிந்தது. பின்னர் போரும் வந்தமையால், சரிவு முழுவதையும் இறக்குமதியின் மேற் சுமத்துதல் முறையாகாது. இன்று நாம் உண்ணும் செத்தல் மிளகாயிற் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருகின்றது.

காப்பு நீடித்தால் மட்டும் போதுமோ? உருளைக்கிழங்கு இறக்குமதி 1967இல் தடைசெய்யப்பட்டு 1996இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 30 ஆண்டுகள் காப்பிருந்தும், நல்ல விதைக்கிழங்குக்கு ஐரோப்பாவை எதிர்பார்க்கும் நிலை நீங்கவில்லை. நெல்லின் கதை வேறு. உத்தரவாத விலையோடு நீர்ப்பாசனமும், 1950களின் பிற்பகுதியிற் பத்தலகொடையில் உருவான எச்-4 போன்ற இனங்களும் கூடவே வந்தன, விளைச்சலும் உயர்ந்தது.

தீர்வையின் பாரத்தைச் சுமப்பவர் நகரத்தார் மட்டுமல்லர். நெல் விளைவிப்பவரும் மிளகாயையும் வெங்காயத்தையும் கடையிலேயே வாங்குகின்றார். ஆகவே முடிவில்லாத காப்பைக் கேட்பது நியாயமன்று. கேட்கவேண்டியது நிலையான காப்பு. 2007ஆம் ஆண்டின் விசேட பண்ட அறவீட்டுச் சட்டத்தின் கீழ், வர்த்தமானி அறிவித்தல் மூலம் அறவீடு இடையிடையே மாற்றப்பட்டு வந்துள்ளது. அறுவடை வேளையில் அது குறைந்தால், நட்டவர் கணக்கு முழுவதும் பிழைத்துவிடும். சின்ன வெங்காயம் இரண்டரை மாதப் பயிர். உருளைக்கிழங்கு ஏறத்தாழ மூன்று மாதம். நடுகைக்கு முன் தீர்வை அறிவிக்கப்பட்டு, அறுவடை முடியும்வரை மாறாதிருத்தல் வேண்டும். எத்தனை ஆண்டுக்கு அக்காப்பு உண்டென்பதும், அதற்குள் விதையும் களஞ்சியமும் எவ்வாறு அமையுமென்பதும் அவ்வறிவித்தலிலேயே கூறப்படல் வேண்டும்.